கட்டற்ற விளையாட்டு ஓவியங்கள்

கட்டற்ற விளையாட்டு ஓவியங்கள் என்பவை நகர்பேசி விளையாட்டுகளிலும் செயலிகளிலும் எவரும் பயன்படுத்தவும், மாற்றவும், பகிரவும் உரிமம் அளிக்கப்பட்ட படங்கள் ஆகும். விக்கிமீடியா பொதுவகம் (2004), ஓப்பன்கேம்ஆர்ட் (2009) ஆகிய தளங்களில் இவை கிடைக்கின்றன.

உரிமங்கள்

கிரியேட்டிவ் காமன்சின் சிசி0 அறிவிப்பில் நிபந்தனை ஏதுமில்லை. சிசி-பை உரிமத்தில் படைப்பாளியின் பெயரைக் குறிப்பிட வேண்டும். சிசி-பை-எஸ்ஏ உரிமத்தில், மாற்றி வெளியிடும் படத்திற்கும் அதே உரிமத்தை அளிக்க வேண்டும். உரிமம் குறிப்பிடப்படாத படம், இலவசமாகக் கிடைத்தாலும் கட்டற்றதன்று.

தருமபுரி நடுகற்கள்

பழங்காலச் சிற்பங்களுக்குப் பதிப்புரிமை இல்லை. எனவே தருமபுரி மாவட்ட நடுகற்களில் வில்லும் வாளும் ஏந்தி நிற்கும் வீரர்களைப் பார்த்து விளையாட்டுப் பாத்திரங்களை வரையலாம். ஆனால் நடுகல்லின் ஒளிப்படத்திற்கு உரிமை உண்டு. இந்தியாவில் 2012ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்திற்குப் பின், அது ஒளிப்படக் கலைஞரின் வாழ்நாளும் அதன்பின் 60 ஆண்டுகளும் நீடிக்கும். ஆகவே கல்லை நேரில் கண்டு வரைவதே பாதுகாப்பானது.