7 பந்து தோனியும் 11 பந்து தோனியும்: சிஎஸ்கே ரசிகர்களைப் பிரிக்கும் கணக்கு என்ன?

சென்னை: 2025 மார்ச் 28 அன்று சேப்பாக்கத்தில் நடைபெற்ற ஆட்டத்தில், பெங்களூரு அணி நிர்ணயித்த 197 ரன்கள் இலக்கைத் துரத்திய சென்னை சூப்பர் கிங்ஸ் 99 ரன்களுக்கு 7 விக்கெட்டுகளை இழந்த பிறகே மகேந்திர சிங் தோனி களமிறங்கினார். அப்போது வெற்றிக்கு 28 பந்துகளில் 98 ரன்கள் தேவைப்பட்டன. அஸ்வினுக்கும் பின்னால், 9-ஆவது இடத்தில் இறங்கிய அவர், 16 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 30 ரன்கள் எடுத்தார். சென்னை 50 ரன்கள் வித்தியாசத்தில் தோற்றது. 2008-க்குப் பிறகு சேப்பாக்கத்தில் பெங்களூரு பெற்ற முதல் வெற்றி அது.

அதே இன்னிங்ஸில்தான் சுரேஷ் ரெய்னாவை முந்தி, ஐபிஎல் தொடரில் சென்னை அணிக்காக அதிக ரன்கள் குவித்தவர் என்ற சாதனையையும் தோனி படைத்தார். ஒரே இரவில் ரசிகர்களில் ஒரு பகுதியினர் சாதனையைக் கொண்டாட, மற்றொரு பகுதியினர் 'இவ்வளவு தாமதமாக வருவதற்கு ஏன் வர வேண்டும்?' என்று கேட்டனர். அந்தக் கேள்வி இன்றும் ஓயவில்லை.

உண்மையில் இது புதிய கேள்வியும் அல்ல. 2024 மே மாதம் தரம்சாலாவில் பஞ்சாப் அணிக்கு எதிராக 9-ஆவது வீரராக வந்து, ஹர்ஷல் படேலின் முதல் பந்திலேயே தோனி ஆட்டமிழந்தபோது, அந்த இடத்தில்தான் இறங்குவார் என்றால் அவருக்குப் பதில் ஒரு வேகப்பந்து வீச்சாளரைச் சேர்க்கலாம் என்று ஹர்பஜன் சிங் விமர்சித்திருந்தார். ஆயினும் அந்த ஆண்டு அவர் குரல் பெரிதாக எடுபடவில்லை. காரணம், எண்கள் தோனியின் பக்கம் இருந்தன.

2024 தொடரில் 11 இன்னிங்ஸ்களில் 73 பந்துகளை மட்டுமே சந்தித்த தோனி, 161 ரன்கள் எடுத்தார். ஸ்ட்ரைக் ரேட் 220-க்கும் மேல். வான்கடேயில் ஹர்திக் பாண்டியாவின் ஓவரில் அடுத்தடுத்து 3 சிக்ஸர்கள் விளாசி, 4 பந்துகளில் 20 ரன்கள் எடுத்ததும் அந்த ஆண்டுதான். 2025 தொடரில் 13 இன்னிங்ஸ்களில் 196 ரன்கள் எடுத்தார். மொத்த ரன்கள் கூடின. ஆனால் அதற்கு 145 பந்துகள் செலவாயின. ஸ்ட்ரைக் ரேட் 135-ஆகச் சரிந்தது.

இந்த இரண்டு வரிசைகளையும் அருகருகே வைத்தால் விவாதத்தின் முடிச்சு புலப்படும். 2024-இல் ஓர் இன்னிங்ஸுக்குச் சராசரியாக 7 பந்துகளுக்கும் குறைவாகவே அவர் ஆடினார். 2025-இல் அது 11 பந்துகளைத் தாண்டியது. மேல்வரிசை தொடர்ந்து சரிந்ததால், அவர் விரும்பிய ஓவருக்கு முன்பே களத்துக்கு வர வேண்டியதாயிற்று. ஏப்ரல் 5 அன்று டெல்லிக்கு எதிரான ஆட்டம் இதற்குத் தெளிவான சான்று. 184 ரன்கள் இலக்கைத் துரத்துகையில் 11-ஆவது ஓவரிலேயே இறங்கிய தோனி, 26 பந்துகளில் 30 ரன்கள் எடுத்துக் கடைசிவரை ஆட்டமிழக்காமல் நின்றார். 5 விக்கெட்டுகள் கையில் இருந்தும் சென்னை 25 ரன்களில் தோற்றது. அவரது பெற்றோர் அன்று அரங்கில் அமர்ந்திருந்ததால், ஓய்வு அறிவிப்பு வரப்போகிறது என்ற வதந்தியும் பரவியது. பயிற்சியாளர் ஸ்டீபன் ஃபிளெமிங் அதை மறுத்தார்.

அதற்குச் சில நாள்களுக்கு முன், குவாஹாட்டியில் ராஜஸ்தானிடம் தோற்ற பின்னர், ஃபிளெமிங் வெளிப்படையாகவே பேசியிருந்தார். தோனியின் முழங்கால்கள் முன்புபோல் இல்லை, 10 ஓவர்கள் முழு வேகத்தில் ஓடி ஆட அவரால் இயலாது என்பதே அவர் கூறியதன் சாரம். 2023 கோப்பையை வென்ற சில நாள்களிலேயே தோனி முழங்கால் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர். ஆகவே அவர் தாமதமாக இறங்குவதைத் தயக்கம் என்று சொல்வது நியாயமாகாது. அது உடல் வகுத்த எல்லை.

ஆனால் அந்த எல்லைக்கு அணி ஒரு விலை கொடுக்கிறது என்பதும் உண்மை. 2023-இல் அறிமுகமான 'இம்பேக்ட் பிளேயர்' விதி அந்த விலையை ஓரளவு மறைத்தது. கூடுதலாக ஒரு பேட்டரைச் சேர்க்க வழி கிடைத்ததால், தோனியை 7 அல்லது 8-ஆவது இடத்தில் நிறுத்தி வைப்பது எளிதானது. மேல்வரிசை ரன் குவிக்கும் வரை இந்த ஏற்பாடு சிறப்பாகவே இயங்கும். அது தடுமாறும்போது, அனுபவம் மிக்க பேட்டர் ஓய்வறையில் காத்திருக்க, பந்துவீச்சாளர் மட்டையுடன் இறங்கும் விநோதம் நேர்கிறது. 2025-இல் 14 ஆட்டங்களில் 4 வெற்றிகளுடன் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்ததற்கு இது மட்டுமே காரணம் அல்ல. என்றாலும் காரணங்களில் ஒன்று.

ஆதரவாளர்களிடமும் வலுவான வாதங்கள் உள்ளன. லக்னோவில் 11 பந்துகளில் 26 ரன்கள் எடுத்து அணியை வெற்றிபெறச் செய்தபோது அவருக்கு வயது 43. ஆட்டநாயகன் விருது தனக்கு ஏன் என்று அவரே வியந்தார். சூர்யகுமார் யாதவ், பில் சால்ட் ஆகியோரைக் கண்ணிமைக்கும் நேரத்தில் ஸ்டம்பிங் செய்த கைகள் இன்னும் தளரவில்லை. ருதுராஜ் கெய்க்வாட் முழங்கை முறிவால் விலகியபோது, தலைமைப் பொறுப்பை ஏற்க உடனே கிடைத்தவரும் அவர்தான். 2025-க்கு அவர் தக்கவைக்கப்பட்ட தொகையோ 4 கோடி ரூபாய் மட்டுமே.

மே 3 அன்று பெங்களூரு சின்னசாமி அரங்கில் இரு தரப்புக்கும் சாதகமான ஓர் ஆட்டம் அமைந்தது. கோலார் தங்கவயல் தமிழர்களுக்கு சேப்பாக்கத்தைவிட அருகில் இருப்பது இந்த அரங்கம்தான். 214 ரன்கள் இலக்கில் சென்னை 2 ரன்களில் தோற்றது. ஆயுஷ் மாத்ரே 94 ரன்களும், ஜடேஜா ஆட்டமிழக்காமல் 77 ரன்களும் எடுக்க, 8 பந்துகளில் 12 ரன்கள் எடுத்த தோனி கடைசி ஓவரில் வீழ்ந்தார். தோல்விக்கான பொறுப்பை அவரே ஏற்றுக்கொண்டார். கடைசி ஓவர் வரை ஆட்டத்தில் இருந்தார் என்று சொல்லலாம். 17 வயது மாத்ரே அமைத்துக் கொடுத்த வெற்றி கைநழுவியது என்றும் சொல்லலாம்.

இதே வகை விவாதத்தை அமெரிக்க பேஸ்பால் ரசிகர்களும் கண்டுள்ளனர். ஆல்பர்ட் புஹோல்ஸுடன் 10 ஆண்டுகளுக்கு 24 கோடி டாலர் ஒப்பந்தம் செய்திருந்த ஏஞ்சல்ஸ் அணி, அதன் இறுதி ஆண்டான 2021-இல் அவரை விடுவித்தது. மறு ஆண்டு, தாம் புகழ்பெற்ற செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கே திரும்பிய அவர், 42 வயதில் 24 ஹோம் ரன்கள் அடித்து, மொத்தம் 703 ஹோம் ரன்களுடன் விடைபெற்றார். பெரும்பாலும் இடது கை பந்துவீச்சாளர்களுக்கு எதிராக அவரைத் தேர்ந்து பயன்படுத்தியதே அந்த அணியின் உத்தி. 26 பேர் கொண்ட அணியில் ஒருவரை அவ்வாறு காத்து வைப்பது எளிது. இம்பேக்ட் பிளேயரையும் சேர்த்து 12 பேர் மட்டுமே ஆடும் ஐபிஎல்லில், விக்கெட் கீப்பர் என்ற ஒரே இடத்தில் அதைச் செய்வது கடினம்.

2025-இன் கடைசி ஆட்டத்துக்குப் பிறகு, முடிவெடுக்க 4, 5 மாதங்கள் இருப்பதாகக் கூறிய தோனி, ஆட்டத்திறனை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் சிலர் 22 வயதிலேயே ஓய்வு பெற நேரிடும் என்றார். தமது கடைசி டி20 ஆட்டம் சென்னையில் அமைய வேண்டும் என்ற விருப்பத்தை 2021-இலேயே அவர் வெளியிட்டிருந்தார். ஆனால் 2025-இல் சென்னையில் நடக்கவிருந்த இறுதி உள்ளூர் ஆட்டம், இந்தியா-பாகிஸ்தான் பதற்றத்தால் தொடர் நிறுத்தப்பட்டுத் தொடங்கிய பின், டெல்லிக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இதற்கிடையே அணி அடுத்த கட்டத்துக்கு நகர்ந்துள்ளது. 2026 தொடருக்குத் தோனியைத் தக்கவைத்த நிர்வாகம், ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தானுக்கு அனுப்பி, விக்கெட் கீப்பரான சஞ்சு சாம்சனைப் பெற்றது. டிசம்பர் ஏலத்தில் மற்றொரு விக்கெட் கீப்பரான கார்த்திக் சர்மாவுக்கு 14.20 கோடி ரூபாய் செலவிட்டது. தோனி கையுறை அணிந்தால் சாம்சன் பேட்டராக மட்டுமே ஆட வேண்டும். சாம்சன் கையுறை அணிந்தால் தோனி பெரும்பாலும் இம்பேக்ட் பிளேயராகவே களமிறங்க நேரிடும். அப்போது அவரைக் கடைசி ஓவர்களுக்குக் காத்து வைக்க உதவிய கூடுதல் பேட்டரின் இடத்தைத் தோனியே எடுத்துக்கொள்வார்.