மணி அடிக்காத ஓரம்

தட்டச்சுப் பள்ளியில் விரல் பழகியவர்களுக்கு ஒரு சப்தம் ஆயுள் முழுவதும் காதில் தங்கிவிடுகிறது. தாளின் வலது ஓரம் நெருங்கும்போது, இன்னும் சில எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு என்று எச்சரிப்பதுபோல, இயந்திரத்தின் வயிற்றுக்குள்ளிருந்து ‘டிங்’ என்று ஒரு சிறு மணி ஒலிக்கும். ஒலித்ததும், அடித்துக்கொண்டிருந்த சொல்லை முடித்தோ, இடையில் ஒரு கோடிட்டு முறித்தோ, நெம்புகோலைத் தள்ளி உருளையை ஆரம்ப இடத்துக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். இரண்டு ஓரங்களுக்கும் உரிய தடைகளை நகர்த்தி வைத்துவிட்டால் அந்தக் கடிதத்தின் லட்சணம் நிச்சயமாகிவிட்டது. தபால் பையில் எத்தனை குலுங்கினாலும், எந்த ஊரில் எவர் வீட்டுத் திண்ணையில் பிரிக்கப்பட்டாலும், ஓரம் வைத்த இடத்தில் ஓரம் இருக்கும்.

அந்தப் பழக்கத்தை அப்படியே மின்னஞ்சலுக்குள் தூக்கிக்கொண்டு போனவர்களில் நானும் ஒருவன். எங்கள் வாசகசாலையின் ஆண்டு விழாவுக்கு நன்கொடை அளித்தவர்களின் ஜாபிதாவை அங்கத்தினர்களுக்கு அனுப்பும் பொறுப்பு ஒரு சமயம் என்னிடம் வந்தது. பெயர்கள் இடப்புறம், தொகைகள் வலப்புறம், நடுவே இடைவெளிக் கட்டையைப் பொறுமையாகத் தட்டித் தட்டி, தொகைகளெல்லாம் ஒரே நேர்கோட்டில் நிற்கும்படி செய்து, திரையில் ஒன்றுக்கு இரண்டு முறை ரசித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். அன்று மாலையே ஒரு பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். “என்ன ஸார், நான் ஐந்நூறு ரூபாய் அல்லவா கொடுத்தேன்? ஜாபிதாவில் ஐம்பது என்று போட்டிருக்கிறீர்களே!” என்றார். விசாரித்தபோது விஷயம் விளங்கிற்று. அவருடைய கைப்பேசியின் குறுகிய திரையில் ஒவ்வொரு வரியும் இரண்டாக மடிந்து, அவருக்கு முந்தியவரின் ஐம்பது அவர் தலைமேல் வந்து உட்கார்ந்திருந்தது. அவருடைய ஐந்நூறோ கீழே இறங்கி, ஐந்து பைசாவும் கொடுக்க யோசிக்கும் வேறொருவருக்குக் கிரீடமாகிவிட்டிருந்தது.

காகிதக் கடிதத்தில் ஓரத்தை நிர்ணயிப்பவர் எழுதுகிறவர். மின்னஞ்சலிலோ, படிக்கிறவர் கையிலிருக்கும் திரையின் அகலமும், அவர் உபயோகிக்கும் மென்பொருளும், தம் பார்வைக்கு ஏற்ப அவர் பெரிதாக்கி வைத்திருக்கும் எழுத்தின் அளவும் சேர்ந்து அதை நிர்ணயிக்கின்றன. நாம் அனுப்புவது ஒரு நீண்ட எழுத்துச் சரம். அது பக்கமாக உருவெடுப்பது போய்ச் சேர்ந்த இடத்தில்தான். எங்கே பத்தி முடிகிறது, எது தலைப்பு, எது பட்டியல், எது மற்றவர் சொன்னது என்று அறிவிக்கும் உரிமை நமக்கு உண்டு. எந்தச் சொல்லில் வரி மடிய வேண்டும் என்று உத்தரவிடும் அதிகாரம் இல்லை. இதை ஒப்புக்கொள்ள எனக்குப் பல வருஷங்கள் பிடித்தன.

ஆரம்பத்தில் அந்த அதிகாரம் இருக்கத்தான் இருந்தது. 1928ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் துளையிட்ட அட்டை ஒன்றில் 80 நிரல்கள் கொள்ளும்படி அமைத்தது. அந்த எண்ணிக்கை குலதனம்போலக் கைமாறி, 1978இல் வெளிவந்த வி.டி. 100 முதலான கணினித் திரைகளிலும் வரிக்கு 80 எழுத்து என்றே நிலைத்துவிட்டது. அர்ப்பாநெட் என்னும் அமெரிக்க வலையில் 1971இல் ரே டாம்லின்சன் ஒரு கணினியிலிருந்து மற்றொரு கணினிக்கு அஞ்சல் அனுப்பிய காலத்துக்குப் பிறகு வெகு நாட்கள் வரையில், எழுதுகிறவர் திரையும் படிக்கிறவர் திரையும் ஏறக்குறைய ஒரே அகலமாக இருந்தபடியால், 70 எழுத்துக்குச் சற்றுமேல் போனதும் என்டர் கட்டையைத் தட்டி வரியை முறிப்பது ஒரு மரியாதையாகவே கருதப்பட்டது. மணி மட்டுந்தான் இல்லை; மற்றதெல்லாம் தட்டச்சுதான். இன்னும் சொன்னால், ஒவ்வொரு மின்னஞ்சல் வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத இரண்டு குறிகள் இன்றைக்கும் ஒட்டிக்கொண்டு போகின்றன: உருளையை ஆரம்பத்துக்குத் தள்ளு என்பது ஒன்று, தாளை ஒரு வரி ஏற்று என்பது மற்றொன்று. தள்ளுவதற்கு உருளையும் இல்லை, ஏற்றுவதற்குத் தாளும் இல்லை. சம்பிரதாயம் மட்டும் தவறவில்லை.

அஞ்சலைச் சுமந்து செல்லும் இயந்திரங்களுக்கு 1982இல் வகுத்த விதியில், ஒரு வரி அந்த இரண்டு குறிகளையும் சேர்த்து 1000 எழுத்துக்கு மேற்படலாகாது என்று வரம்பு கட்டினார்கள். 2001இல் விதியைத் திருத்தி எழுதியபோது, குறிகள் நீங்கலாக 998ஐத் தாண்டவே கூடாது என்றும், 78ஐத் தாண்டாமலிருப்பது நலம் என்றும் இரண்டு படியாக வைத்தார்கள். முதலாவது கட்டளை, இரண்டாவது உபதேசம். அவுட்லுக் என்னும் அஞ்சல் மென்பொருளின் பழைய பதிப்புகளில், அலங்காரமற்ற வெறும் எழுத்து அஞ்சலுக்கு வரிக்கு 76 என்றும், தண்டர்பேர்டு என்னும் மற்றொன்றில் 72 என்றும் நாம் காணும் எண்கள் இந்த உபதேசத்தின் வாரிசுகளே. ஏன் 72 என்று கேட்பவர்களுக்குப் பதிலும் உண்டு. ஒருவர் கடிதத்துக்குப் பதில் எழுதும்போது அவருடைய வரிகளுக்கு முன்னால் ‘>’ என்ற அம்புக்குறியை இடுவது வழக்கம். பதிலுக்குப் பதில் போகப்போக அம்புகள் பெருகும். அவற்றுக்கு நின்றுகொள்ள இடம் வேண்டுமல்லவா?

இடம் விடாதவர்களின் கடிதங்களுக்கு நேர்ந்த கதியை அக்காலத்தில் அஞ்சல் பார்த்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஓரம் வரை நிரம்பிய வரி, இரண்டாவது பதிலில் ஓரத்தைத் தாண்டும். தாண்டிய ஒற்றைச் சொல் அடுத்த வரியில் தனியே நிற்கும். அதன் கீழ் மறுபடி ஒரு நீண்ட வரி, மறுபடி ஓர் அநாதைச் சொல். பல்லுதிர்ந்த சீப்பைப்போல் இருக்கும் அந்தக் கடிதம். இன்றும் நாலு பேர் கைமாறி ஃபார்வர்டு ஆகி வரும் அஞ்சல்களில் இந்தச் சீப்பைக் காணலாம். எழுதியவரோ அவருடைய மென்பொருளோ ஒவ்வொரு வரியின் முடிவிலும் உண்மையாகவே வரியை முறித்துவிட்டதுதான் காரணம். 1999இல் இதற்கு ஒரு சாதுரியமான பரிகாரம் கண்டார்கள்: வரியின் கடைசியில் ஓர் இடைவெளி இருந்தால் இந்த முறிவு தற்காலிகமானது, அடுத்த வரியோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று பொருள். கண்ணுக்குத் தெரியாத ஒரு வெற்றிடத்துக்கு இத்தனை பெரிய உத்தியோகம் கொடுத்தது எனக்கு மிகவும் பிடித்த கற்பனை. ஆனால் எல்லா மென்பொருள்களும் அதை மதிக்கவில்லை.

தமிழ் எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு பிரத்தியேகமான வேடிக்கை உண்டு. 1992இல் நதானியேல் போரன்ஸ்டைன், நெட் ஃபிரீட் என்னும் இருவர் வகுத்த மைம் என்னும் முறை வந்த பிறகே, ஆங்கிலம் அல்லாத எழுத்துகளும் படங்களும் பழுதின்றி அஞ்சலேறத் தொடங்கின. அதன்படி, பழைய எழுத்துகளை மட்டுமே அறிந்த குழாய்க்குள் புகுவதற்காக நம் எழுத்துகள் மாறுவேடம் பூணுகின்றன. அந்த வேடத்திலும் வரிக்கு 76 என்பதே எல்லை. யூ.டி.எஃப். 8 என்னும் குறியீட்டு முறையில் ‘அ’ என்ற ஓர் எழுத்துக்கு 3 பைட்டுகள். ஒரு வகை வேடத்தில் ஒவ்வொரு பைட்டும் மூன்று குறிகளாக விரிவதால் ‘அ’ 9 குறிகளாகிறது; ‘கி’யோ ககரமும் இகரக் கொக்கியுமாக 18 குறிகளை விழுங்கிவிடும். மற்றொரு வகையில் 3 பைட்டுக்கு 4 குறிகள் என்பதால், 76 குறி கொண்ட வரியில் இத்தகைய 19 அலகுகள் கச்சிதமாக அடங்கும். வழியில் நம் கடிதம் இப்படி நறுக்கப்படுவதும், போய்ச் சேர்ந்ததும் தழும்பு தெரியாமல் ஒட்டப்படுவதும் நாம் அறியாமல் நடக்கின்றன.

இனி, நம் கைவசமுள்ள சாதனங்களுக்கு வருவோம். எழுத்தைத் தடிப்பாக்குவது, வர்ணமிடுவது, பட்டியலிடுவது முதலிய அலங்காரங்கள் கொண்ட அஞ்சல், இணையப் பக்கங்களுக்குரிய எச்.டி.எம்.எல். மொழியில் எழுதப்பட்டுப் போகிறது. கூடவே, அலங்காரம் அறியாத மென்பொருள்களுக்காக வெறும் எழுத்தில் ஒரு பிரதியும் பெரும்பாலும் உடன் செல்கிறது. ஜிமெயிலில் பக்கத்துக்கு ஓரம் வைக்கும் ஏற்பாடு கிடையாது. பத்தியை உள்ளே தள்ளும் பொத்தான் உண்டு. ஒரு முறை அழுத்தினால் இடப்புறம் 40 பிக்சல் விலகும். அகன்ற திரையில் அது பொருட்டே இல்லை. ஆனால் கைப்பேசியின் அகலம் 360 பிக்சல் என்று வைத்துக்கொண்டால், மூன்று முறை தள்ளிய பத்தி திரையில் மூன்றில் ஒரு பங்கை இழந்து, ஒட்டடைபோல் வலது ஓரத்தில் தொங்கும். அவுட்லுக்கின் பழைய பதிப்புகளில் பத்தி அமைப்புக்குப் போய் இடது, வலது விலகல்களை எண்ணாகவே கொடுக்கலாம். பக்க அமைப்பில் இருக்கும் ஓரமோ அச்சிடுவதற்கு மட்டும் உரியது என்பதை அறியாமல், அதை மாற்றிவிட்டு அஞ்சல் மாறவில்லையே என்று ஏங்குகிறவர்களைக் கண்டிருக்கிறேன்.

வேர்டில் எழுதியதை அப்படியே ஒட்டுவதுதான் பெரும்பாலான விபரீதங்களுக்கு மூலம். ஒட்டும்போது எழுத்தோடுகூட, அதன் எழுத்துரு, அளவு, வரி இடைவெளி என்று ஒரு பரிவாரமே வந்து இறங்குகிறது. கன்ட்ரோல், ஷிஃப்ட் இரண்டோடும் வி கட்டையை அழுத்தினால் ஜிமெயிலில் எழுத்து மட்டும் வரும், பரிவாரம் வாசலில் நின்றுவிடும். டேப் கட்டையைத் தட்டினால் இணைய உலாவியில் பத்தி நகராமல் நாம் அடுத்த பொத்தானுக்கு நகர்ந்துவிடுவதும், அந்தப் பொத்தான் ‘அனுப்பு’ என்பதாக இருந்து, அடுத்து என்டரும் தட்டிவிட்டால் அரைகுறைக் கடிதம் பிரயாணப்பட்டுவிடுவதும் அநேகருக்கு அனுபவம். இரண்டு பக்கமும் சமமாக வெட்டிய ஓரம் வேண்டும் என்பது அச்சுப் புத்தகத்தின் மோகம். நீண்ட சொற்கள் மலிந்த தமிழில், சொல்லை இடையில் முறிக்கத் தெரியாத மென்பொருள் அதை நிறைவேற்றப் புகுந்தால், சொற்களுக்கு நடுவே வாய்க்கால் ஓடும். இடப்புறம் நேராகவும் வலப்புறம் போக்கிலுமாக விட்டுவிடுவதே கண்ணுக்குச் சுகம் என்பது என் அபிப்பிராயம். அடிக்கோடும் வேண்டாம், உகரத்தின் வாலை அது வெட்டுவதோடு, இணைப்பு என்று நினைத்து விரலால் தட்டிப் பார்ப்பவர்களும் உண்டு.

எழுத்துருவைப் பற்றி மட்டும் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. யூனிகோடில் எழுதிய தமிழ், அனுப்பியவரின் எழுத்துரு பெற்றவரிடம் இல்லாவிட்டாலும் வேறோர் எழுத்துருவில் தமிழாகவே தெரியும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களிலோ, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. மேலே போர்த்தியிருப்பது மட்டுமே தமிழ். இத்தகைய கடிதம் வெறும் எழுத்தாக மாற்றப்படும்போது போர்வை நழுவி, ‘அன்புடையீர்’ என்று தொடங்கிய அழைப்பிதழ் பொருளற்ற ஆங்கிலக் குவியலாகிவிடும். பழைய கோப்புகளிலிருந்து எடுத்து அனுப்புகிறவர்கள், முதலில் யூனிகோடுக்கு மாற்றிக்கொண்டு பிறகு அனுப்ப வேண்டும். இலவச மாற்றிகள் கிடைக்கின்றன.

நன்கொடை ஜாபிதாவைப் பிறகு திருத்தி அனுப்பினேன். இடைவெளிகளையெல்லாம் நீக்கி, எண்ணிட்ட பட்டியலாக்கி, தொகையை முன்னால் வைத்துப் பெயரைப் பின்னால் வைத்தேன். எங்கே மடிந்தாலும் ஒருவர் பணம் மற்றொருவர் தலைக்குப் போகாது. சில நாள் கழித்து அந்தப் பெரியவர் வீட்டுக்குப் போயிருந்தபோது, கைப்பேசியை எடுத்துக் காட்டினார். எழுத்தை அவர் எத்தனை பெரிதாக்கி வைத்திருந்தார் என்றால், வரிக்கு மூன்று சொற்கள்தான் அடங்கின. தம்முடைய ஐந்நூறையும் பெயரையும், மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, உரக்க ஒரு முறை படித்தார்.