வெளியிலிருந்து திறக்கும் கதவு

ஐரோலி நிலையத்தில் தினமும் ரயிலுக்கு நிற்பவர்களுக்குக் காத்திருப்பது பழகிப்போன ஒன்று. கிறிஸ்தவர்களின் நாள்காட்டியிலோ காத்திருப்பதற்கென்றே ஒரு பருவம் உண்டு: கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலம். பீடத்தில் ஊதாத் துணி. வாரம் ஒன்றாக ஏற்றப்படும் நான்கு மெழுகுவர்த்திகள். நடைமுறையில் பலருக்கு அது கேக், புதுத் துணி, ஊருக்குப் போக ரயில் டிக்கெட் என்று அலையும் மாதம்.

1943 நவம்பரில், ஹிட்லர் அரசு பெர்லினின் டேகல் சிறையில் அடைத்திருந்த போதகர் டீட்ரிஷ் போன்ஹோஃபர், ஒரு கடிதத்தில் சிறை அறையை இக்காலத்துக்கு ஒப்பிட்டார். உள்ளே இருப்பவர் நம்பலாம், ஏதேனும் செய்துகொண்டிருக்கலாம். கதவை வெளியிலிருந்துதான் யாராவது திறக்கவேண்டும். 1945 ஏப்ரலில் அவர் தூக்கிலிடப்பட்டார்.

அத்தகைய காத்திருப்பைக் காண ஜெர்மனி வரை போகவேண்டியதில்லை. தலோஜா மத்தியச் சிறையும் ஐரோலியைப் போல நவி மும்பையில்தான் இருக்கிறது. திருச்சி மாவட்டம் விரகாலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் பழங்குடியினரிடையே பல்லாண்டு பணியாற்றிய இயேசு சபைத் துறவி ஸ்டான் சாமி, பீமா கோரேகாவ் வழக்கில் 2020 அக்டோபர் 8 அன்று கைதாகி இங்கு அடைக்கப்பட்டார். வயது 83. குற்றச்சாட்டுகளை அவர் மறுத்தார். பார்கின்சன் நோயால் கை நடுங்கும்; தம்ளரைப் பிடிக்க முடியாது. உறிஞ்சு குழலையும் மூடியிட்ட குவளையையும் திருப்பித் தரக் கேட்டு நவம்பர் 6 அன்று மனுச் செய்தார். அவை தன்னிடம் இல்லை என்று தேசியப் புலனாய்வு முகமை பதில் சொல்ல 20 நாட்களாயின. அதற்கு மூன்றாம் நாள், நவம்பர் 29, அந்த ஆண்டின் முதல் திருவருகை ஞாயிறு.

அந்த நவம்பரில் நண்பர்களுக்கு எழுதிய கடிதத்தில் அவர் தன் நோவை முன்வைக்கவில்லை. சாப்பிடவும் குளிக்கவும் உடன் கைதிகள் உதவுவதை எழுதினார். துணி துவைத்து, முழங்காலைப் பிடித்துவிடும் இருவர் மிக ஏழைக் குடும்பத்தவர் என்றார். பிரார்த்தனையில் அவர்களை நினைத்துக்கொள்ளக் கேட்டார்.

வரப்போகிறவர் மாட்டுக் கொட்டிலில் பிறக்கிறார் என்பதே கிறிஸ்துமஸ் கதை. அவரை எதிர்நோக்குவது என்றால், கதவு திறக்கும்வரை பக்கத்தில் இருப்பவரைக் கவனித்துக்கொள்வதும்தான்.

ஸ்டான் சாமிக்குக் கதவு திறக்கவில்லை. 2021 ஜூலை 5 அன்று மும்பை உயர் நீதிமன்றத்தில் ஜாமீன் மனு எடுக்கப்பட்டபோது, அவர் மருத்துவமனையில் இறந்துவிட்ட செய்திதான் நீதிபதிகளுக்குக் கிடைத்தது.

2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூவர் விசாரணைக் கைதிகள். ஐரோலி வீடுகளில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர்கள், அந்த ஒளியில் நினைத்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்.