கரிமத்தின் இடப்பெயர்ச்சி: பேராக் மண்ணிலிருந்து புவி வெப்பத்தை அறிதல்

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள ஈப்போவில் ஒரு மாலையில் இடியுடன் கொட்டித் தீர்க்கும் மழை வானிலை எனப்படும். அதே ஊரில் முப்பது ஆண்டுகளோ அதற்கு மேலோ மழையும் வெயிலும் எந்த ஒழுங்கில் வந்துபோயின என்பதன் சராசரி பருவநிலை எனப்படும். ஓர் ஆண்டின் கடும் வெயிலையோ ஒரு வெள்ளத்தையோ கொண்டு பருவநிலை மாறிவிட்டது என்று முடிவு கட்ட இயலாது. ஆனால் உலகெங்கும் நீண்ட காலமாகத் திரட்டப்பட்ட அளவீடுகள் புவியின் சராசரி வெப்பநிலை உயர்ந்துவருவதை ஐயத்திற்கு இடமின்றிக் காட்டுகின்றன. இந்த உயர்வைப் புவி வெப்பமடைதல் என்றும், அதனால் மழை, வறட்சி, கடல்மட்டம் ஆகியவற்றில் நேரும் மாறுதல்களையும் சேர்த்துப் பருவநிலை மாற்றம் என்றும் அறிவியலாளர் குறிப்பிடுகின்றனர்.

சூரிய ஒளியால் சூடேறும் நிலமும் கடலும் அவ்வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்களாக விண்வெளியை நோக்கி வெளியிடுகின்றன. காற்றில் பெரும்பகுதியாக உள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் அக்கதிர்களைத் தடுப்பதில்லை. சிற்றளவே உள்ள நீராவி, கரியமில வாயு, மீத்தேன் முதலியவை அவற்றை உறிஞ்சி, ஒரு பகுதியை மீண்டும் நிலத்திற்கே அனுப்புகின்றன. இவை பசுமைக்குடில் வாயுக்கள் எனப்படும். இவை அறவே இல்லாவிட்டால், ஏறத்தாழ 15 டிகிரி செல்சியஸாக இருக்கும் புவியின் சராசரி வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே சுமார் 18 டிகிரியாகத் தாழ்ந்திருக்கும். ஆகவே இவ்வாயுக்கள் இருப்பது கேடன்று. அவை மிகுவதே கேடு. தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சம் பங்கு காற்றில் சுமார் 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது.

இவ்வளவு கரியமில வாயு எங்கிருந்து வந்தது என்பதை ஈப்போ அமைந்துள்ள கிந்தா பள்ளத்தாக்கின் மலைகளே விளக்கும். தைப்பூசத்தில் காவடிகள் சென்றடையும் கல்லுமலை சுப்பிரமணியர் ஆலயம் ஒட்டி நிற்கும் குன்று உள்ளிட்ட ஈப்போவின் சுண்ணாம்புக் குன்றுகள், கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடலடியில் வாழ்ந்த உயிரினங்களின் ஓடுகள் படிந்து உருவானவை. அவ்வுயிர்கள் நீரில் கரைந்திருந்த கரிமத்தைக் கால்சியத்துடன் பிணைத்துக் கல்லாக்கி வைத்தன. அக்கல்லைச் சூளையிலிட்டுச் சிமெண்டு செய்யும்போது அப்பிணைப்பு அறுகிறது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல் 56 கிலோ சுண்ணாம்பாகவும் 44 கிலோ கரியமில வாயுவாகவும் பிரிகிறது. சூளைக்கு எரிபொருளாகும் நிலக்கரியின் புகை இதற்கு மேல் தனிக்கணக்கு. மஞ்சோங் கடலோரத்தில் மின்சாரம் தரும் நிலக்கரி மின்நிலையத்திலும் நிகழ்வது இதுதான்: பழங்காலத் தாவரங்கள் சேர்த்து வைத்த கரிமம், மண்ணுக்கடியிலிருந்து காற்றுக்கு இடம்பெயர்கிறது.

காடும் கரிமத்தின் இருப்பிடமே. 1877இல் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்ட பிறகு, அடுத்த சில பத்தாண்டுகளில் பேராக்கின் மழைக்காடுகள் பரந்த அளவில் அழிக்கப்பட்டுத் தோட்டங்களாயின. தமிழ்த் தொழிலாளரின் உழைப்பில் எழுந்த அத்தோட்டங்கள் பலவும் பின்னர் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறின. ரப்பராகிய பால்மரமும் காற்றிலிருந்து கரிமத்தை ஈர்த்து வளர்வதே எனினும், ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில் வெட்டி மறுநடவு செய்யப்படும் தோட்டம், நூற்றாண்டுகள் நின்ற காட்டின் அளவுக்குக் கரிமத்தைத் தாங்குவதில்லை. எஞ்சியுள்ள பெலும் காடும், வேருக்கடியிலுள்ள சேற்றிலும் கரிமத்தைச் சேர்த்து வைக்கும் மாத்தாங் சதுப்புநிலக் காடும் இக்காரணத்தாலேயே உலகத்தின் சொத்தாகின்றன.

வெப்பநிலை ஒரு டிகிரி உயர்ந்தால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு கூடுதல் நீராவியைத் தாங்க வல்லது. எனவே பெய்யும்போது மழை வலுக்கிறது, பெய்யாத நாட்களில் மண் விரைந்து வறள்கிறது. இதன் பொருளைத் தோட்டத்து மக்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டையிலுள்ள பால்நாளங்களில் அழுத்தம் மிகுந்திருக்கும் குளிர்ந்த விடியற்காலையிலேயே மரம் சீவப்படுகிறது. வெயில் ஏறி இலைகள் நீரை இழக்கத் தொடங்கியதும் பாலின் ஓட்டம் குறைகிறது. பட்டை நனைந்திருந்தால் பால் வெட்டுக்கோட்டை விட்டு வழிந்து மரத்தில் பரவுமேயன்றி, பாலை ஏந்தும் கிண்ணமாகிய மங்கில் சேராது. சீவிய பின் மழை பிடித்தால் மங்கில் சேர்ந்த பாலும் அடித்துச் செல்லப்படும். ஆகவே ஆண்டு மழையின் மொத்த அளவு மாறாவிட்டாலும், அது பெய்யும் நேரமும் வேகமும் மாறினாலே அன்றாடக் கூலி கரைந்துபோகும்.

தோட்டங்கள் துண்டாடப்பட்ட பின் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகர்ப்புறங்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில் கட்டுமானத்திலும் துப்புரவிலும் புல்வெட்டிலும் பிழைப்போரை இன்று வெப்பம் நேரடியாகத் தாக்குகிறது. வியர்வை ஆவியாவதாலேயே உடல் குளிர்கிறது. ஈரப்பதம் மிகுந்த காற்றில் வியர்வை எளிதில் ஆவியாவதில்லை என்பதால், வறண்ட நாடுகளில் தாங்கக்கூடிய வெப்பமும் இங்கே உயிருக்கு ஆபத்தாகலாம். தொடர்ந்து மூன்று நாட்கள் அதிகபட்ச வெப்பநிலை 35 டிகிரியைத் தொட்டால் மலேசிய வானிலை ஆய்வுத்துறை முதல்நிலை எச்சரிக்கை விடுக்கிறது. பசிபிக் கடல் சூடேறுவதால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் எல் நினோ இயற்கையானதே எனினும், ஏற்கெனவே சூடேறிய உலகின்மீது அது வந்து சேர்வதால் அதன் கொடுமை கூடுகிறது.

வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்த முயல்வதென 2015இல் பாரிஸில் நாடுகள் உடன்பட்டன. 2050க்குள் காற்றில் சேரும் கரிமத்தையும் மீட்கப்படும் கரிமத்தையும் சமமாக்குவதை மலேசியா தன் இலக்காக அறிவித்துள்ளது. நிலக்கரியைக் கைவிடுவதும் காட்டைக் காப்பதும் அவ்விலக்கிற்கான வழிகள். ஆயினும் காற்றில் கலந்த கரியமில வாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் நீடிக்கும் என்பதால், வெயிலில் உழைப்போருக்கு நிழலும் குடிநீரும் நண்பகல் ஓய்வும் கிடைப்பதை இப்போதே உறுதிசெய்வதும் பருவநிலைக் கொள்கையே. எஞ்சிய காட்டைக் காப்பது எவ்வளவு இன்றியமையாததோ, காட்டை அழித்தெழுந்த செல்வத்தில் மிகக் குறைந்த பங்கே பெற்ற மக்களின் தலையில் அதன் வெப்பம் மிகுதியாக விழாமல் காப்பதும் அவ்வளவு இன்றியமையாதது.