அனுபவம் இல்லாம முதல் வேலை: அவங்க உண்மையில என்ன கேக்குறாங்க?

(எங்கள் ஒலிப்பதிவின் எழுத்து வடிவம் இது. வாசிக்க எளிதாக இருப்பதற்காகச் சில இடங்களை மட்டும் சுருக்கியிருக்கிறோம்.)

இந்த வாரம் வேற ஒரு தலைப்புதான் பேசுறதா இருந்தது. புதன்கிழமை ராத்திரி ஒரு வாய்ஸ் நோட் வந்துச்சு. அதைக் கேட்டதும் அந்தத் தலைப்பைத் தள்ளி வெச்சுட்டேன்.

அனுப்பினது அம்பத்தூர்ல இருக்குற ஒரு தங்கச்சி. பேர் சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க. பி.காம். முடிச்சுட்டு எட்டு மாசமா வேலை தேடுறாங்க. ஒரு நோட்டுல கணக்கு வெச்சிருக்காங்க: 146 இடத்துக்கு அப்ளை பண்ணியிருக்காங்க, வந்தது மூணே மூணு இன்டர்வியூ. மூணுலயும் கடைசிக் கேள்வி ஒண்ணுதான். "எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

இப்ப ஒரு ஆபீஸ்ல இருந்து கூப்பிட்டு, அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் வேலை, மாசம் 22,000 சம்பளம்னு சொல்லியிருக்காங்க. இன்டர்வியூ பத்து நிமிஷம்கூட நடக்கல. ஆனா சேர்றதுக்கு முன்னாடி 'ட்ரெய்னிங் சார்ஜ்' 25,000 ரூபாய் கட்டணுமாம். திங்கட்கிழமைதான் கடைசி நாள். அம்மாவோட செயினை அடகு வெச்சுக் கட்டிடலாம்னு அப்பா சொல்றாராம். வாய்ஸ் நோட்டோட கடைசி வரி: "கட்டலாமா அண்ணா? எனக்கு வேற வழி தெரியல."

வேண்டாம், கட்டாதீங்கன்னு அன்னைக்கு ராத்திரியே பதில் போட்டுட்டேன். ஆனா அது பாதி பதில்தான். "வேற வழி தெரியல"ன்னு சொன்னாங்களே, அதுக்கும் பதில் சொல்லணும் இல்லையா? அந்த மீதிப் பாதிதான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல, அந்த 25,000

நானும் ஒரு காலத்துல பணம் கட்டினவன்தான். படிச்சு முடிச்ச வருஷம், ஒரு கன்சல்டன்சிக்கு 3,000 ரூபாய். ரசீதுகூட குடுத்தாங்க. அடுத்த மாசம் போய்ப் பார்த்தா அந்த மாடியில 'வாடகைக்கு விடப்படும்'னு போர்டு தொங்குது. அதனால ஏமாந்தவங்களைப் பார்த்து யாரும் சிரிக்காதீங்க. முட்டாள்தனத்தால யாரும் கட்டுறதில்ல, அவசரத்தாலதான் கட்டுறாங்க.

விதி ரொம்ப எளிமையானது. வேலை குடுக்குறவங்கதான் நமக்குப் பணம் தரணும், நாம அவங்களுக்கு இல்ல. ட்ரெய்னிங், டெபாசிட், லேப்டாப், யூனிஃபார்ம், பேர் எதுவா இருந்தாலும் சேர்றதுக்கு முன்னாடி காசு கேட்டா அங்கேயே நிறுத்திக்கோங்க. சரியா ஒரு கேள்விகூடக் கேக்காம ஆஃபர் லெட்டர் வந்தாலும், "நாளைக்குள்ள சொல்லுங்க"ன்னு விரட்டினாலும் சந்தேகப்படுங்க. தெரிஞ்ச கம்பெனி பேரைச் சொல்றாங்கன்னா, அந்தக் கம்பெனியோட சொந்த வெப்சைட்ல இருக்குற நம்பருக்கு நீங்களே கூப்பிட்டுக் கேளுங்க. அவங்க வாட்ஸ்அப்ல குடுத்த நம்பருக்கு இல்ல. ஒரிஜினல் சர்ட்டிபிகேட்டைச் சரிபார்க்கக் காட்டலாம், ஆனா குடுத்துட்டு வராதீங்க.

ஆன்லைன்ல ஏற்கனவே கட்டி ஏமாந்திருந்தா, உடனே 1930-க்குக் கூப்பிடுங்க. அது சைபர் குற்றங்களுக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுறீங்களோ, பணத்தை வழியில நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

"எக்ஸ்பீரியன்ஸ் இருக்கா?"

நம்ம ஊர்ல ஒரு பழைய சொலவடை இருக்கு: கல்யாணம் ஆனா பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிஞ்சாதான் கல்யாணம் ஆகும். ஃப்ரெஷரோட நிலைமை அச்சு அசலா இதுதான். வேலை கிடைக்க அனுபவம் வேணும், அனுபவம் கிடைக்க வேலை வேணும்.

இந்த வட்டத்தை உடைக்கணும்னா, மேசைக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்குறவர் இடத்துல இருந்து யோசிக்கணும். ஃப்ரெஷர் வேலைக்கு ஆள் எடுக்குறவருக்கு நமக்கு எல்லாம் தெரிஞ்சிருக்காதுன்னு தெரியும். அவர் பயமே வேற. இந்தப் பொண்ணு நேரத்துக்கு வருமா? தெரியலன்னா வாயைத் திறந்து கேக்குமா, இல்ல தப்பா பண்ணிட்டு மறைக்குமா? மூணு மாசம் சொல்லிக் குடுத்ததும் ஓடிடுமா? எடுத்த வேலையை முடிக்குமா?

'அனுபவம்'ங்கிற ஒரே வார்த்தைக்குள்ள இந்த நாலு கேள்வியும் ஒளிஞ்சிருக்கு. அவங்க தேடுறது வருஷக்கணக்கை மட்டும் இல்ல, உங்களை நம்புறதுக்கு ஒரு ஆதாரத்தை. அந்த ஆதாரம் சம்பளம் வாங்கின இடத்துல இருந்துதான் வரணும்னு எந்தக் கட்டாயமும் இல்ல.

"அது வேலை இல்லையே அண்ணா"

வியாழக்கிழமை அந்தத் தங்கச்சிகிட்ட போன்ல பேசினேன். ரெஸ்யூமை அனுப்பச் சொன்னேன். முதல் வரியில, சவாலான பணிச்சூழலில் என் திறமைகளை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன்னு ஒரு பொதுவான வாக்கியம். அப்புறம் மார்க். 'டேலி தெரியும், எக்செல் தெரியும்.' பொழுதுபோக்கு, பாட்டு கேட்பது. அவ்வளவுதான்.

"காலேஜ் படிக்கும்போது வீட்டுல வேற என்ன பண்ணிட்டு இருந்தீங்க?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல அண்ணா. அம்மா மகளிர் குழுவுல இருக்காங்க. அந்தக் கணக்கு மட்டும் நான் எழுதுவேன்."

எத்தனை பேர்? பதினாலு பேர். எத்தனை வருஷமா? மூணு வருஷமா. என்னென்ன எழுதுவீங்க? ரொக்கப் புத்தகம், சேமிப்புப் பேரேடு, கடன் பேரேடு, தீர்மான நோட்டு. பேங்க் லோன் வாங்கும்போது மேனேஜர் எந்த நோட்டைப் பார்த்தார்? "நான் எழுதினதைத்தான் அண்ணா."

இதை ஏன் ரெஸ்யூம்ல போடலன்னு கேட்டதுக்கு, "அது வேலை இல்லையே அண்ணா"ன்னு சொன்னாங்க.

மக்களே, பதினாலு குடும்பத்தோட சேமிப்பும் கடனும் அந்த நோட்டுல இருக்கு. மாசாமாசம் கணக்கு இடிக்காம நின்னிருக்கு. ஒரு பேங்க் அதைப் பார்த்துக் கடன் குடுத்திருக்கு. சம்பளம் வரலைங்கிறது ஒண்ணுதான் குறை.

அந்த ரெஸ்யூம்ல இப்ப முதல்ல இருக்குற வரி இது: "14 பேர் கொண்ட மகளிர் சுயஉதவிக் குழுவின் ரொக்கப் புத்தகம், சேமிப்பு, கடன் பேரேடுகளை மூன்று ஆண்டுகளாக எழுதி வருகிறேன். வங்கிக் கடன் விண்ணப்பத்துக்கு இந்தக் கணக்குகளே சமர்ப்பிக்கப்பட்டன." இதுல ஒரு வார்த்தைகூட பொய் இல்ல. குழுத் தலைவியைக் கேட்டா அவங்களும் இதையே சொல்லுவாங்க.

உங்களுக்கும் இப்படி ஒண்ணு இருக்கும். சித்தப்பா கடையில சாயங்காலம் கல்லாவுல உக்காந்தது, தெருப் பசங்களுக்கு டியூஷன் எடுத்தது, டிபார்ட்மென்ட் சிம்போசியத்துக்கு ஸ்பான்சர் பிடிச்சது, ஏரியா டோர்னமென்ட்டுக்கு வசூல் பண்ணி மிச்சக் காசைக் கணக்கோட திருப்பிக் குடுத்தது. சோதிச்சுப் பார்க்க ஒரே கேள்வி: நீங்க அதைச் செய்யாம விட்டிருந்தா, யாருக்காவது பிரச்சினை ஆகியிருக்குமா? ஆமான்னா அது வேலைதான். எத்தனை பேர், எவ்வளவு காலம், என்ன முடிஞ்சதுன்னு மூணையும் சேர்த்து எழுதுங்க. இல்லாததைச் சேர்க்காதீங்க. ரெண்டாவது கேள்வியிலேயே மாட்டிக்குவீங்க.

அனுபவம் இல்லாதவங்களுக்குன்னே ஒரு கதவு

நிறைய பேர் கவனிக்காத ஒண்ணு, அப்ரெண்டிஸ்ஷிப். அது ஐ.டி.ஐ. பசங்களுக்கு மட்டும்தான்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். 1961-ல வந்த தொழிற்பழகுநர் சட்டத்துல அப்புறம் நடந்த திருத்தங்களால, பி.காம்., பி.ஏ., பி.எஸ்சி. படிச்சவங்களும் இப்ப சேரலாம். டிகிரி, டிப்ளமோ முடிச்சவங்களுக்கு மத்திய அரசோட 'நாட்ஸ்' தளம் இருக்கு. அங்க ரெஜிஸ்டர் பண்ணிட்டு, ஆள் எடுக்குற நிறுவனங்களுக்கு அப்ளை பண்ணலாம். தென் மண்டலத்துக்கான அலுவலகம் நம்ம தரமணியிலதான் இருக்கு.

இதுல எனக்குப் பிடிச்ச விஷயம் என்னன்னா, ஏற்கனவே ஒரு வருஷமோ அதுக்கு மேலயோ வேலை பார்த்தவங்களுக்கு இதுல இடம் இல்ல. எல்லா இடத்துலயும் நம்மளை வெளிய நிறுத்துற அதே காரணம் இங்க தகுதி ஆகிடுது.

2019-ல திருத்தின விதிப்படி, 30 பேரோ அதுக்கு மேலயோ வேலை செய்யுற நிறுவனங்கள் ஒரு குறிப்பிட்ட சதவீதம் அப்ரெண்டிஸ் எடுத்தே ஆகணும். பட்டதாரிகளுக்குக் குறைஞ்சபட்ச உதவித்தொகை மாசம் 9,000 ரூபாய்னு அப்ப வெச்சாங்க. இப்ப எவ்வளவுன்னு தளத்துலயே பார்த்துக்கோங்க. அதனால ஒரு கம்பெனியில "வேலை காலி இல்ல"ன்னு சொன்னா, அப்படியே திரும்பாம இன்னொரு கேள்வி கேளுங்க: "அப்ரெண்டிஸ் எடுக்குறீங்களா சார்?"

ஒளிக்காம ஒண்ணு சொல்லிடுறேன். அது சம்பளம் இல்ல, உதவித்தொகை. முடிச்சதும் அங்கேயே வேலை தரணும்னு கட்டாயமும் இல்ல. வீட்டு வாடகையே உங்களை நம்பித்தான் இருக்குன்னா இந்தத் தொகை பத்தாது. ஆனா வீட்டோட இருந்து சமாளிக்க முடியும்னா, ஒரு வருஷம் கழிச்சு அரசாங்கச் சான்றிதழோட "அனுபவம் இருக்கு"ன்னு சொல்லலாம்.

இது போக, தமிழ்நாடு அரசோட தனியார் துறை வேலைவாய்ப்புத் தளம் இருக்கு. மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்கள் நடத்துற முகாம்களும் இருக்கு. ரெண்டுலயும் பைசா செலவு இல்ல.

தூரத்துப் பழக்கம்

அடுத்தது, ஆட்களைக் கேக்குறது. வெக்கமா இருக்குன்னு இதைத்தான் நாம கடைசியா பண்றோம்.

மார்க் கிரானோவெட்டர்னு ஒரு அமெரிக்க சமூகவியலாளர். பாஸ்டன் பக்கத்துல நியூட்டன்ங்கிற ஊர்ல, புதுசா வேலை மாறினவங்களைப் பேட்டி எடுத்தார். தெரிஞ்சவங்க மூலமா வேலை கிடைச்சவங்ககிட்ட, அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி பார்ப்பீங்கன்னு கேட்டார். அடிக்கடின்னு சொன்னவங்க சுமார் 17 சதவீதம்தான். எப்பவாவதுன்னு 56 சதவீதம், அபூர்வமான்னு 28 சதவீதம். 1973-ல இதைக் கட்டுரையா எழுதினார். 2022-ல லிங்க்ட்இன்ல ரெண்டு கோடி பேரை வெச்சு நடந்த ஆய்வு ஒண்ணும், ரொம்ப நெருக்கமானவங்களைவிட ஓரளவு தூரத்துல இருக்குறவங்கதான் வேலை மாற அதிகம் உதவுறாங்கன்னு காட்டுச்சு.

காரணம் புரிஞ்சுக்குறது சுலபம். உங்க நெருங்கின நண்பனுக்குத் தெரிஞ்சது எல்லாம் உங்களுக்கும் தெரியும். அவனும் உங்க கூடவே வேலை தேடிக்கிட்டு இருக்கான். ரெண்டு பேட்ச் முன்னாடி படிச்ச அக்காவுக்குத் தெரிஞ்சது உங்களுக்குத் தெரியாது.

"எங்க குடும்பத்துல நான்தான் முதல் பட்டதாரி, ஆபீஸ்ல யாரையும் தெரியாது"ன்னு நிறைய பேர் எழுதுறீங்க. நியாயமான வருத்தம், எல்லாரும் ஒரே கோட்டுல இருந்து ஓடல. ஆனா தூரத்துப் பழக்கத்துல ஒரு நல்லது இருக்கு. சொந்தபந்தத்தை நம்மால உருவாக்க முடியாது, இதை உருவாக்கலாம். அந்தத் தங்கச்சி விஷயத்துல, அவங்க அப்பா வேலை பார்க்குற கடைக்கு ஜி.எஸ்.டி. ஃபைல் பண்ற ஆடிட்டர் ஆபீஸ் ஒண்ணு இருக்கு. அப்பா மாசாமாசம் அங்க பில் கொண்டு போய்க் குடுக்குறார். எட்டு மாசத்துல ஒரு தடவைகூட மகளைப் பத்தி அங்க வாயைத் திறக்கல.

கேக்கும்போது "வேலை இருக்கா?"ன்னு ஆரம்பிக்காதீங்க, "இல்லப்பா"ன்னு முடிஞ்சிடும். இப்படி அனுப்புங்க: "வணக்கம் அக்கா, நான் உங்க காலேஜ்ல உங்களுக்கு ரெண்டு பேட்ச் ஜூனியர். அக்கவுண்ட்ஸ் வேலை தேடிக்கிட்டு இருக்கேன். உங்க ஆபீஸ்ல புதுசா சேர்றவங்க முதல் மாசம் என்ன வேலை பண்ணுவாங்கன்னு தெரிஞ்சா தயாராகிக்குவேன். பத்து நிமிஷம் பேச முடியுமா?" பத்துப் பேருக்கு அனுப்பினா மூணு பேர் பதில் போடலாம். அந்த மூணு பேரும் ஒரு வேக்கன்சி வரும்போது உங்களை ஞாபகம் வெச்சிருப்பாங்க.

திரும்பவும் அதே கேள்வி

இதெல்லாம் பண்ணினாலும் இன்டர்வியூல அந்தக் கேள்வி வரும். "எக்ஸ்பீரியன்ஸ் இல்லையேம்மா?" அப்ப தலையைக் குனியாதீங்க. நானும் அந்தத் தங்கச்சியும் போன்ல பழகிப் பார்த்த பதில் இது:

"ஆபீஸ்ல வேலை பார்த்தது இல்ல சார். ஆனா மூணு வருஷமா ஒரு மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுறேன். ஒரு மாசம் 200 ரூபாய் இடிச்சுது. ரெண்டு நாள் உக்காந்து தேடினதுல, ஒரு தவணையை ரெண்டு தடவை எழுதியிருந்தது தெரிஞ்சுது. கூட்டத்துலயே சொல்லித் திருத்தினேன்."

முன்னாடி சொன்ன நாலு பயத்துக்கும் இதுல பதில் இருக்கான்னு பாருங்க. தப்பை மறைக்கல, எடுத்ததை முடிச்சிருக்காங்க, மூணு வருஷமா ஓடிப் போகல. இதோட வேலைக்கான அடிப்படையும் தெரிஞ்சிருக்கணும். மாசாமாசம் ஃபைல் பண்றவங்களுக்கு ஜி.எஸ்.டி.ஆர்.-1 அடுத்த மாசம் 11-ம் தேதி, 3பி 20-ம் தேதின்னு ஒரு ஃப்ரெஷர் சொன்னா, ஆடிட்டர் நிமிர்ந்து உக்காருவார்.

நேத்து ராத்திரி அவங்ககிட்ட இருந்து மறுபடி ஒரு வாய்ஸ் நோட். பணம் கட்டல, செயின் அம்மா கழுத்துலயே இருக்கு. அப்பா ஆடிட்டர்கிட்ட பேசியிருக்கார், ரெஸ்யூமோட செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்காங்க. வேலை கிடைக்குமான்னு எனக்குத் தெரியாது. முதல் தடவையே கிடைக்காமலும் போகலாம். புது ரெஸ்யூமை அம்மாகிட்ட படிச்சுக் காட்டினாங்களாம். "நம்ம குழு நோட்டு இவ்வளவு பெரிய விஷயமாடி?"ன்னு அம்மா கேட்டிருக்காங்க.

ஆமாங்கம்மா, பெரிய விஷயம்தான்.

உங்களுக்கு இந்த வாரம் ஒரே ஒரு வேலை. உங்களை நம்பி யாராவது விட்ட மூணு விஷயங்களை ஒரு பேப்பர்ல எழுதுங்க. ரெஸ்யூமை அங்க இருந்து ஆரம்பிங்க. எழுதினதை எங்களுக்கு அனுப்பினா அடுத்த எபிசோட்ல சிலதைச் சேர்ந்து திருத்திப் பார்ப்போம். அதுவரைக்கும் யாருக்கும் காசு கட்டாதீங்க. வர்றேன் மக்களே.