முதுமையெய்திய முயலுக்கு ஒரு புகலிடம்

1623 ஆம் ஆண்டிலே பியத்ரோ தெல்லா வல்லே என்னும் இத்தாலிய யாத்திரிகர் குசராத்திலுள்ள காம்பே நகருக்கு வந்தார். அந்நகரத்தார் பறவைகளுக்கென ஒரு வைத்தியசாலை நடத்திவந்தனர். முடமானவை, நோயுற்றவை, துணையிழந்தவை எனப் பலவகைப் பறவைகள் அங்கே பேணப்பட்டன. அவற்றினிடையே தாயற்ற எலிக்குஞ்சுகள் சிலவும் இருந்தன. வெண்தாடி முதியவர் ஒருவர், அவற்றைப் பஞ்சு பரப்பிய பெட்டியொன்றில் இட்டு, மூக்குக்கண்ணாடி அணிந்து, பறவையிறகு ஒன்றினாலே பால் புகட்டிக்கொண்டிருந்தார். இக்காட்சியை யாத்திரிகர் வியப்புடன் குறித்துவைத்தார்.

பசுவைப் பேணுவோர் பாலை எதிர்பார்க்கலாம். குதிரைக்கு மருந்திடுவோர் அது மீண்டும் சவாரிக்கு உதவும் என்று நம்பலாம். எலிக்குஞ்சுக்குப் பால் புகட்டிய முதியவர் எதிர்பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. கைவிடப்பட்ட முயலையும் கினிப்பன்றியையும், அவை நோயுற்றும் முதுமையெய்தியும் இருக்கும் நிலையிலே ஏற்று, இறுதிநாள்வரை பேணுகின்ற காப்பகத்தின் இயல்பும் இதுவே. மேனாடுகளில் இத்தகைய காப்பகங்கள் பல உள. அமெரிக்காவின் கலிபோர்னியாவிலே 1988 இல் தோன்றிய 'ஹவுஸ் ராபிட் சொசைட்டி' என்னும் சங்கம், பொதுக் காப்பகங்களில் ஏற்பாரின்றிக் கொல்லப்படவிருந்த முயல்களை மீட்கும் பணியை மேற்கொண்டது. சுவிற்சலாந்து 2008 இல், கினிப்பன்றியைத் துணையின்றித் தனியே வைத்திருத்தலையே சட்டத்தினால் விலக்கிற்று.

இக்கருத்து நம் நாட்டுக்குப் புதியதன்று. அசோகனின் இரண்டாம் பாறைச்சாசனம் மனிதர்க்கும் விலங்குகட்கும் வைத்திய வசதி செய்யப்பட்டதைக் கூறும். நான்காம் நூற்றாண்டில் அநுராதபுரத்திலிருந்து ஆண்ட புத்ததாச மன்னன் பாம்பொன்றின் வயிற்றுக் கட்டியை அறுத்துக் குணமாக்கினான் எனச் சூளவமிசம் உரைக்கும். யாழ்ப்பாணத்துத் தெருவோரங்களில் இன்றும் காணப்படும் ஆவுரிஞ்சிக்கல்லும் தண்ணீர்த்தொட்டியும் வாயில்லாப் பிராணிகளின் தேவையை முன்னோர் எத்துணை நுட்பமாக அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று. அண்மைக் காலத்திலே சிவபூமி அறக்கட்டளையினர் இயக்கச்சியில் நாய்களுக்கென ஒரு காப்பகம் அமைத்தனர். எனினும், கூட்டில் வளரும் சிற்றுயிர்களைப் பற்றிய சிந்தனை நம்மிடையே இன்னும் வேரூன்றவில்லை.

வேரூன்றாமைக்கு ஒரு தவறான எண்ணமும் காரணமாகும். குழந்தையின் ஆசைக்காக வாங்கிய முயல் அலுத்துப்போனதும், "பற்றைக்குள் விட்டுவிட்டால் பிழைத்துக்கொள்ளும்" என்று கூறுவோர் உளர். பற்றையில் வாழும் நம் நாட்டு முயலும் கூட்டில் வளரும் வெள்ளை முயலும் ஓரினத்தன அல்ல. நாட்டுமுயல் வளை தோண்டுவதில்லை. அதன் குட்டி உரோமத்துடனும் திறந்த கண்களுடனும் பிறக்கும். கூட்டுமுயலோ ஸ்பானிய தேசத்து முயலின் வழிவந்தது. அதன் குட்டி உரோமமின்றி, கண் திறவாமல், வளைக்குள்ளே பிறப்பது. கினிப்பன்றி தென்னமெரிக்க அந்தீஸ் மலைப்பகுதியில் பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதரோடு வாழ்ந்து பழகியது. இவற்றைப் பற்றைக்குள் விடுதல் நாய்க்கும் கீரிக்கும் இரையாக விடுதலேயன்றி, விடுதலை அளித்தலாகாது.

இச்சிற்றுயிர்கட்கு மனித குலம் பட்ட கடனும் சிறிதன்று. 1885 இல் லூயி பாஸ்டர் விசர்நாய்க்கடிக்குக் கண்ட தடுப்புமருந்து, நோயேற்றிய முயல்களின் முள்ளந்தண்டு நாணை உலர்த்திச் செய்யப்பட்டது. 1907 இல் நோர்வே நாட்டு அறிஞர்களான ஹோல்ஸ்ற், புரோலிக் என்போர் கினிப்பன்றிக்குத் தானியத்தை மட்டும் கொடுத்துவந்தபோது, கப்பலோட்டிகளைப் பீடித்த 'ஸ்கேவி' என்னும் நோய் அதற்கும் தோன்றியது. விற்றமின் சீ கண்டறியப்படுவதற்கு அது வழிகோலிற்று. மனிதனைப் போலவே கினிப்பன்றியின் உடலும் அவ்விற்றமினைத் தானே ஆக்கிக்கொள்ள இயலாதது. ஆய்வுகூடத்தில் அதற்குக் கேடாக முடிந்த இவ்வியல்பே காப்பகத்திலும் முதலில் நினைவிற் கொள்ளவேண்டியதாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் புத்தூர் போன்ற ஓரூரிலே இத்தகைய காப்பகம் அமைவதாயின் என்ன வேண்டும்? செம்மண்ணும் கிணற்றுநீரும் உழைப்பும் கூடி வளம்பெற்ற ஊர் அது. நிலாவரைக் கிணறும் அயலிலேயே உள்ளது. தோட்டக்காரர் நிறைந்த ஊரிலே தீவனத்துக்குக் குறைவிராது என்று தோன்றும். ஆபத்தும் அங்கேயே உண்டு. வெங்காயமும் அதன் தாளும் இவ்விலங்குகளின் குருதியைக் கெடுப்பவை. புகையிலை நஞ்சு. மரவள்ளி இலையையும் தவிர்த்தல் வேண்டும். ஆட்டுக்குக் கட்டும் குழையை அப்படியே முயலுக்கும் இட்டுவிடலாம் என்று கருதுதல் பிழை. முருங்கையிலையும் அகத்தியும் கல்சியம் மிகுந்தவை. முயலின் உடல் மிகையான கல்சியத்தைச் சிறுநீர் வழியே கழிப்பதாதலால், முதிய முயலுக்கு இவற்றை நாள்தோறும் மிகுதியாகக் கொடுப்பின் சிறுநீர்ப்பையில் மணல்போலப் படியும். அறுகும் பிற புல்லுமே முதன்மையான உணவு. பச்சையாகவும் உலர்த்தியும், எந்நேரமும் எட்டும்படியாகவும் அது இருத்தல் வேண்டும். முயலின் பற்கள் ஆயுள் முழுவதும் வளர்வன. புல்லை அரைத்து அரைத்தே அவை தேயும். படக்கதைகளிலே முயலோடு இணைபிரியாது வரும் கரட், சர்க்கரை மிகுந்ததாதலின், உணவாகாது. எப்போதாவது ஒரு துண்டு கொடுக்கலாம், அவ்வளவே. கினிப்பன்றிக்குக் கொய்யாப்பழத் துண்டொன்று நாள்தோறும் கிடைக்குமாயின் விற்றமின் சீக்கு வேறெங்கும் தேடவேண்டுவதில்லை.

அடுத்த பகை வெயில். முயலுக்கு வியர்வை இல்லை. செவிகளின் வழியே அது வெப்பத்தைப் போக்கும். 30 பாகை செல்சியஸை நெருங்கும் வெப்பம் முதிய விலங்கின் உயிருக்கு இடர் விளைவிக்கும். யாழ்ப்பாணத்திலே பகற்பொழுதில் அவ்வெப்பம் அரிதன்று. தகரக் கூரை கூடாது. கிடுகோ பனையோலையோ வேய்ந்த கொட்டில், மரநிழல், காற்றோட்டம், தரையிலே ஈரச்சாக்கு, மண்சட்டியில் நீர் ஆகியவை செலவு அதிகமில்லாதவை. கம்பிவலைத் தளம் குதிகாலைப் புண்ணாக்கும். அதன்மேல் பாயும் வைக்கோலும் இடவேண்டும். ஆணையும் பெண்ணையும் பிரித்துவைத்தல் இன்றியமையாதது. முயல் ஏறக்குறைய 31 நாளில் ஈனும். இதனை மறந்த காப்பகம் சில மாதங்களிலே தானே மீட்கப்படவேண்டிய நிலையை அடையும்.

முயல் 8 முதல் 12 ஆண்டுவரையும், கினிப்பன்றி 5 முதல் 8 ஆண்டுவரையும் வாழக்கூடியவை. முதுமையிலே மூட்டு விறைத்து, தன் உடலைத் தானே துப்புரவு செய்ய இயலாத நிலை வரும். அப்பொழுது நாள்தோறும் பின்புறத்தைக் கழுவித் துடைத்து உலர்த்தாவிடின் ஈ முட்டையிட்டுப் புழு வைக்கும். எழுதுவதற்கு ஒரு வரியே. செய்வோர்க்கு ஆண்டுக்கணக்கான வேலை.

வேட்டையாடப்படும் இனங்களாதலால் இவை நோயை மறைக்கும் இயல்புடையன. மாடு கதறும், நாய் முனகும். முயல் ஒரு மூலையில் ஒடுங்கியிருக்கும், அவ்வளவே. அரைநாள் உண்ணாதிருப்பின் அதன் குடல் இயக்கம் நின்றுபோகலாம். இரவில் வைத்த புல் காலையில் அப்படியே இருத்தலும், புழுக்கை சிறுத்தலும், கிழமைதோறும் தராசில் காணும் நிறை குறைதலுமே அது பேசும் மொழி. மருந்திலும் எச்சரிக்கை தேவை. பெனிசிலினை வாய்வழி கொடுத்தால் முயலும் கினிப்பன்றியும் இறக்கக்கூடும். குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அது அழித்துவிடும். மாடும் ஆடும் பார்த்துப் பழகிய வைத்தியரிடம் செல்வோர் இதனைப் பணிவுடன் நினைவூட்டுதல் தகும்.

இனி, மிகக் கடினமான ஒரு கேள்வி உண்டு. மருந்தால் தீராத வேதனையில் கிடக்கும் விலங்கை என் செய்வது? மேனாட்டுக் காப்பகங்கள் ஊசியேற்றி அதன் உயிரை நோவின்றி முடிப்பதைக் கருணை எனக் கொள்ளும். குசராத்துப் பாஞ்சரப்போல்கள் உயிர் தானாகப் பிரியும்வரை பேணுவதையே அறமாகக் கொண்டன. 1928 இல் சபர்மதி ஆச்சிரமத்தில் நோயுற்றுத் துடித்த கன்றொன்றுக்கு வைத்தியரைக்கொண்டு ஊசியேற்றி அதன் உயிரை முடிக்கக் காந்தியடிகள் இசைந்தார். கண்டனக் கடிதங்கள் குவிந்தன. அவர் தம் செயலை மறைக்கவில்லை. பத்திரிகையிலே வெளிப்படையாக எழுதி, அதுவும் அகிம்சையே என வாதிட்டார். கொல்லாமையைத் தலையாய அறமெனக் கொண்ட சைவ மரபினர்க்கு இது எளிதில் ஒப்ப முடியாத முடிவு. ஆயினும், பேணுபவரின் மனச்சாந்திக்காக விலங்கின் வேதனையை நீடித்தலும், பேணும் தொல்லை தாங்காது விரைந்து முடித்தலும் ஒருங்கே தவறானவை. உண்ணும் விருப்பமும், துணையருகே சென்று படுக்கும் நாட்டமும் எஞ்சியுள்ளவரை, முடமோ குருடோ மட்டும் ஓர் உயிரை முடிக்கக் காரணமாகா.

ஆயுள்வரை என்பதில் யாருடைய ஆயுள் என்ற வினாவும் அடங்கியுள்ளது. 1995 ஒக்டோபர் இறுதியிலே வலிகாமத்து மக்கள் ஓரிரவில் இடம்பெயர்ந்தபோது, கட்டையில் கட்டிய மாட்டை அவிழ்த்துவிட்டு நடப்பதன்றி வேறு வழியறியாது தவித்த குடும்பங்கள் பல. மாடு தெருவிலாயினும் மேயும். கூட்டு முயலுக்கு அதுவும் இல்லை. போர் இல்லாத காலத்திலும் பேணுபவர் நோயுறுவார், வெளிநாடு செல்வார், இறப்பார். ஆதலால் காப்பகத்துப் பதிவேட்டிலே விலங்கின் நிறை, உணவு, மருந்து என்பவற்றோடு, இப்போது பேணுபவரால் இயலாதுபோயின் அதனை ஏற்பவர் யார் என்பதும் அவர்தம் சம்மதத்துடன் எழுதப்படல் வேண்டும். அந்த இடம் வெறுமையாயிருக்கும்வரை, கொண்டுவந்தவர் வாசலில் எவ்வளவு நேரம் கூடையோடு நின்றாலும், இன்னொரு விலங்கை ஏற்றல் ஆகாது.