கோடு அதே, தாய் வேறு

ஒரு குழந்தை, அதற்கு உரிமை கோரும் இரண்டு பெண்கள், நடுவே ஒரு நீதிபதி. சாலமோன் வாளைக் கொண்டுவரச் சொல்கிறார். ஜாதகக் கதையின் மகோசதன் தரையில் கோடு கிழித்துப் பிள்ளையை இழுக்கச் சொல்கிறார். லி சிங்தாவோவின் பழைய சீன நாடகத்தில் கோடு சுண்ணக்கட்டி வட்டமாகிறது. மூன்றிலும் விட்டுக்கொடுத்தவளே பெற்றவள். அமெரிக்காவில் அகதியாக இருந்த ஜெர்மானியர் பெர்டோல்ட் பிரெக்ட், 1944இல் எழுதிய ‘காக்கேசிய வெண்கட்டி வட்ட’த்தில் மாற்றிய இடம் ஒன்றுதான்: பெற்றவள் இழுக்கிறாள், வளர்த்த வேலைக்காரி குருஷா விடுகிறாள், பிள்ளை அவளுக்கே. சொத்துக்காகப் பிள்ளை கேட்கும் பெண்கூட அவர் கண்டுபிடிப்பல்ல, சீன நாடகத்திலேயே உண்டு. நாட்டார் கதையை மேடையில் புதுப்பிப்பது என்றால் ராஜா கையில் செல்போன் கொடுப்பதல்ல. எல்லோருக்கும் தெரிந்த முடிச்சை அப்படியே வைத்து, அது எதை நிரூபிக்கிறது என்பதை மட்டும் திருப்புவது. பாதி வேலையைப் பார்வையாளரின் நினைவே செய்துவிடும். 1948இல் பிரெக்டின் நாடகத்தை முதன்முதலாக மேடையேற்றியவர்கள் மினசோட்டாவின் கார்ல்டன் கல்லூரி மாணவர்கள். பெர்லின் 1954இல்தான் பார்த்தது. இளைஞர் குழுவுக்கு இந்த வடிவம் தோதானதுதான். மேடையிலேயே இருக்கும் பாடகர் கதையை நகர்த்துகிறார். குருஷாவும் அவள் காதலனும் பேசாமல் நிற்கும்போது அவர்கள் மனதில் ஓடுவதையும் அவரே பாடிவிடுகிறார். எல்லாவற்றையும் முகத்தில் காட்ட வேண்டிய சுமை இளம் நடிகருக்கு இல்லை.

பிரெக்ட் பழங்கதையைக் கெடுத்துவிட்டார் என்பது வலுவில்லாத குறை; வாளைக் கோடாக்கியவர்களும் கைவைத்தவர்கள்தானே. தராசை முன்கூட்டியே சாய்த்துவிட்டார் என்பது கனமான குறை. பெற்றவளான ஆளுநரின் மனைவி உடைகளைப் பொறுக்குவதில் பிள்ளையை மறந்து ஓடுகிறாள். அவளுக்காக யார் வாதாடுவார்? ஆனால் குருஷாவும் தெய்வப்பிறவி அல்ல. வழியில் ஒரு கிழவன் பாலுக்கு அநியாய விலை சொல்ல, பேரம் பேசிப் பார்த்து, வேறு வழியின்றிக் காசை எண்ணிக் கொடுக்கிறாள். ஒரு வீட்டு வாசலில் குழந்தையை விட்டுவிட்டு நடையைக் கட்டவும் செய்கிறாள். குழந்தையைத் தேடிச் சிப்பாய்கள் வருவதைக் கண்டுதான் திரும்பி ஓடுகிறாள். தாய்மை இங்கே ரத்தத்தில் வருவதல்ல, செலவில் சேர்வது. நீதிபதி அஸ்டாக் இரண்டாம் முறையும் இழுக்கச் சொல்வது இதனால்தான் எடுபடுகிறது: முதல் முறை கை நழுவியிருக்கலாம், இரண்டாம் முறை நழுவாது.

எனக்கு உறுத்துவது நாடகத்தின் முன்கதை. ஆடு மேய்ப்பவர்களின் பள்ளத்தாக்கு, பாசனம் அமைத்துப் பழம் பயிரிடப்போகிறவர்களுக்குப் போகிறது. பின்னால் வரும் வட்டத் தீர்ப்பு அந்தக் கைமாற்றத்துக்கும் சாட்சியாகிறது. அங்கே மேய்ப்பர்கள் பேசிச் சம்மதிக்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் நன்றாகப் பயன்படுத்துபவருக்கே நிலம் என்ற வாதத்தைச் சம்மதம் கேட்காமல் சொல்பவர்களும் உண்டு. அணைக்காக ஊரை இழந்தவர்கள் முன் இதை ஆடும் குழு, முன்கதையை வெட்டாமல் ஆடிப் பார்க்கட்டும்.